அலைந்து திரிந்த முத்து

முத்து என்றதும் எமக்கு மன்னார்க் கடல்தான் ஞாபகத்துக்கு வரும். அரிப்பு, சிலாவத்துறைக் கரைகளில் முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் பல நாட்டு வணிகர்கள் அங்கே வந்து குவிந்தார்கள். ஆனால் உலகில் மிக அதிகமாகப் பேசப்பட்ட ஒற்றை முத்து எமது கடலில் பிறந்ததல்ல. மத்திய அமெரிக்காவிலுள்ள பனாமாவின் தீவுக் கடலில் 16ஆம் நூற்றாண்டில் எடுக்கப்பட்டது அது. 'லா பெரெகிரினா' என்பது அதன் பெயர். யாத்திரை போகிறவள் என்றும், அபூர்வமானவள் என்றும் ஸ்பானிய மொழியில் பொருள்படும்.

மணல் துகள் விழுந்து முத்து உண்டாகிறது என்றுதான் பாடசாலையில் படித்தோம். உண்மையில் பெரும்பாலும் ஓர் ஒட்டுண்ணி நுழைவதாலோ, சிப்பியின் சதையில் காயம் ஏற்படுவதாலோதான் முத்து வளர்கிறது. அப்படி வளர்ந்த இந்த முத்து நீர்த்துளி வடிவானது. எடுத்தபோது ஏறக்குறைய 11 கிராம் இருந்தது. பனாமாக் கடலில் சுழியோடியவர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். இதைக் கண்டெடுத்த அடிமைக்கு விடுதலை கிடைத்ததாக ஒரு கதை உண்டு. முத்தை அணிந்தவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. எடுத்தவரின் பெயர் மட்டும் இல்லை.

ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் இதைத் தமது மனைவியான இங்கிலாந்து அரசி மேரிக்குக் கொடுத்தார் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். மேரி 1558இல் இறந்துவிட்டார். முத்து அரசரின் கைக்கு வந்தது அதற்குப் பிறகுதான் என்றும், ஓவியத்தில் மேரி அணிந்திருப்பது வேறொரு முத்து என்றும் இப்போது ஆய்வாளர்கள் கூறுகிறார்கள்.

பின்வந்த ஸ்பானிய அரசிகள் இதை அணிந்தார்கள். குதிரைமேல் அமர்ந்த மார்கரீட்டா அரசியை ஓவியர் வெலாஸ்கெஸ் இந்த முத்துடன்தான் தீட்டினார். ஆனாலும் முத்து அரசிக்குச் சொந்தமல்ல, அரச முடிக்கே சொந்தம். எங்கள் தேசவழமையிலோ சீதன நகை பெண்ணுடைய சொத்து. அடகுக்குப் போனாலும் அது அவளுடையதே!

1808இல் நெப்போலியன் தன் அண்ணன் ஜோசப்பை ஸ்பெயினின் அரசனாக்கினான். ஐந்து வருடத்தில் ஜோசப் நாட்டை விட்டு ஓட நேர்ந்தது. ஓடும்போது நகையை முடிந்துகொண்டு போவது எமக்கும் தெரிந்ததுதான். அவர் முடிந்துகொண்டு போனதோ ஸ்பெயினின் நகைகளை! முத்து அவரது தம்பி மகன் லூயி நெப்போலியனிடம் போய், அவரிடமிருந்து அபர்கோன் பிரபு குடும்பத்துக்கு விலையானது. அப்போது அதில் துளை இல்லாததால் அடிக்கடி கழன்று விழுந்தது. ஒருமுறை வின்ட்சர் மாளிகையின் சோபாவுக்குள் அகப்பட்டுக் கிடந்தது. 1913இல்தான் துளையிட்டார்கள்.

அந்நாளில் முத்துக்கு இருந்த மதிப்பை இன்று நம்புவது கடினம். 1917இல் நியூயோர்க்கில் ஒரு செல்வந்தரின் மனைவி இரட்டை வட முத்துமாலை ஒன்றுக்கு ஆசைப்பட, ஐந்தாம் அவென்யூவிலிருந்த தங்கள் மாளிகையையே கார்ட்டியே நகைக்கடைக்குக் கொடுத்து மாலையை வாங்கினார்கள். மாலையின் விலை பத்து இலட்சம் டொலர். பிறகு ஜப்பானில் மிக்கிமோட்டோ வளர்ப்பு முத்தைச் சந்தைக்குக் கொண்டுவர, விலை சரிந்தது. அந்தப் பெண்மணி இறந்தபின், 1957இல் அதே மாலை இரண்டு இலட்சம் டொலருக்கும் குறைவாகவே விலைபோனது. மாளிகையில் இன்றும் கார்ட்டியே கடை இருக்கிறது.

லா பெரெகிரினாவும் 1969இல் 37,000 டொலருக்குத்தான் ஏலம் போனது. நடிகர் ரிச்சர்ட் பேர்ட்டன் அதை வாங்கி மனைவி எலிசபெத் டெய்லருக்குப் பரிசளித்தார். லாஸ் வேகாஸ் விடுதியொன்றில் ஒருநாள் அது சங்கிலியிலிருந்து கழன்று காணாமற் போனது. கணவருக்குச் சொல்லப் பயந்து, வெறுங்காலால் கம்பளத்தைத் தடவித் தடவித் தேடினார் டெய்லர். அவரது நாய்க்குட்டியோ எதையோ மென்றுகொண்டிருந்தது. வாயைத் திறந்து பார்த்தால் உள்ளே முத்து, ஒரு கீறலும் இல்லாமல்!

இரண்டு தடவை பேர்ட்டனை மணந்து, இரண்டு தடவையும் பிரிந்த பிறகும் டெய்லர் அந்த முத்தை விடவில்லை. 2011 மார்ச்சில் அவர் இறந்தார். அதே வருடம் டிசம்பரில் நியூயோர்க் ஏலத்தில், ஒன்றேகால் பவுண் நிறையுள்ள அந்த முத்து தொங்கிய மாலை ஒரு கோடியே 18 இலட்சம் டொலருக்கு விற்பனையானது. வாங்கியவரின் பெயரை வெளியிடவில்லை.