வெள்ளை வயிற்று எலி, சாம்பல் வயிற்று எலி: இரண்டும் ஒன்றா?

திருவனந்தபுரத்தில் தென்னை நிற்கும் வீடா உங்களுடையது? அப்படியானால் இரண்டு விதமான எலியைப் பார்த்திருப்பீர்கள். தென்னையில் ஏறும் எலிக்கு வயிறு வெள்ளை. பரணில் ஓடும் எலிக்குச் சாம்பல்.

இரண்டும் வேறு வேறு இனமா?

இல்லை. இரண்டும் வீட்டெலிதான். அறிவியல் பெயர் ராட்டஸ் ராட்டஸ். வெள்ளை வயிற்று எலியைத் தனிக் கிளையினம் (ஓர் இனத்துக்குள் வரும் உட்பிரிவு) என்று கருதி, 1919இல் ஹின்டன் என்ற ஆய்வாளர் ‘ரௌட்டோனி’ எனப் பெயரிட்டார். நிறத்தை மட்டும் நம்பி அப்படிப் பிரிப்பதை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை.

பிறகு நிறம் ஏன் மாறுகிறது?

தாய் தகப்பனிடமிருந்து வரும் மரபணுவால் (உடலின் குணங்களைக் கடத்தும் கூறு). ஒரே ஈற்றுக் குட்டிகளில்கூட நிறம் வேறுபடலாம்.

சில எலிகள் மட்டும் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கின்றன?

வயதும் தீனியும் ஒரு காரணம். ஆனால் நீங்கள் பார்த்தது பெருச்சாளியாகவும் இருக்கலாம். அது வேறு இனம், ஒரு கிலோ வரை எடை வரும். அதன் குட்டியை வீட்டெலி என்று நினைப்பவர்கள் உண்டு. வாலைப் பாருங்கள். வீட்டெலிக்கு வால், தலையும் உடம்பும் சேர்ந்த நீளத்தைவிடக் கூடுதல். பெருச்சாளிக்குப் பொதுவாக அந்த நீளத்தைத் தாண்டாது, பாதமும் தடித்திருக்கும்.

இது தெரிந்து எனக்கு என்ன பயன்?

பெருச்சாளி மண்ணைத் தோண்டும். அதற்கு வளையைத் தேடிப் பொறி வைக்க வேண்டும். வீட்டெலி மரமேறி. குரும்பையின் காம்புப் பக்கம் வட்டமாக ஓட்டை போட்டு உதிர்த்துவிடும். தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில், 40 சென்டிமீட்டர் அகலத் தகரத்தைத் தென்னையைச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள், நகம் வழுக்கும். பக்கத்து மரத்தையோ கூரையையோ தொடும் மட்டையை வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த வழியாகத் தாவிவிடும், தகரம் வீண்.

வெள்ளை வயிற்று எலியால் நோய் வராதா?

வரும். எலிக்காய்ச்சல் கிருமி எலியின் மூத்திரத்தில் இருக்கிறது. வயிற்று நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தேங்கிய நீரில் கலந்து, காலில் உள்ள சிறு காயம் வழியாக உடலுக்குள் போகும். மழைக்காலத்தில் வெறுங்காலோடு தோட்டத்தில் இறங்காதீர்கள். காய்ச்சலோடு கெண்டைக்காலில் கடும் வலியும் கண் சிவப்பும் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். தண்ணீரில் நின்றதையும் மறக்காமல் சொல்லுங்கள்.