வேலிக்கு மேலே ஒரு கண்
சிறிய கமரா ட்ரோன் வாங்க நினைக்கும் பெண்களுக்கு

கலியாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் வானில் நின்று படம் பிடிக்கும் சிறிய ட்ரோன் கமராக்கள் இன்று எமது கிராமங்களுக்கும் வந்துவிட்டன. படப்பிடிப்பைத் தொழிலாகக் கொண்ட இளம்பெண்கள் சிலரும் இதனை வாங்க விரும்புகின்றனர். வன்னியில் பெண்களின் சுயதொழில் குழுக்களுடன் பணிபுரிபவள் என்ற வகையில், "அக்கா, இதை வாங்கினால் உழைக்கலாமா?" என்ற கேள்வி என்னிடமும் வருகிறது. உழைக்கலாம். ஆனால் கடன் எடுத்து வாங்கும் பொருள் என்பதால் சில விடயங்களை முதலிலேயே அறிந்திருத்தல் அவசியம்.

முதலாவது வருமானம். ஆடியிலும் மார்கழியிலும் கலியாணங்கள் இல்லை. கடன் தவணை மட்டும் மாதந்தோறும் வரும். எனவே ஏற்கனவே படப்பிடிப்பு வேலை கிடைக்கும் ஒருவருக்கே இது பொருந்தும். மேலதிக பற்றரிகள், இறக்கைகள் என்பவற்றின் விலையையும், திருத்துவதற்கு எங்கே கொண்டுபோக வேண்டும் என்பதையும் கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தெரிவு. டி.ஜே.ஐ. நிறுவனம் 2019 இல் வெளியிட்ட மெவிக் மினி 249 கிராம் நிறையுடையது. உள்ளங்கை அளவுக்கு மடித்துவிடலாம். 2020 இல் வந்த மினி 2 இன் வீடியோ தெளிவு அதைவிடக் கூடியது. இவ்விரண்டிலும் கீழ்நோக்கிய உணரிகளே உண்டு. முன்னால் நிற்கும் மரத்தை இவை அறியமாட்டா. 2023 இல் வந்த மினி 4 புரோ எல்லாப் பக்கமும் தடைகளை உணரும், விலையும் அதற்கேற்பக் கூடும். ஆனாலும் மெல்லிய மின்கம்பிகளைக் கண்டறிய எந்த உணரியையும் நம்ப முடியாது.

"250 கிராமுக்குக் குறைவு, அனுமதி தேவையில்லை" என்று விற்பவர் சொல்லக்கூடும். அந்த எல்லை அமெரிக்கா போன்ற நாடுகளின் விதிகளை ஒட்டியது. அமெரிக்காவிலும் பொழுதுபோக்காகப் பறப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் சலுகை. தொழிலுக்குப் பறந்தால் பதிவு வேண்டும். இலங்கையில் ட்ரோன்களைச் சிவில் விமான சேவைகள் அதிகார சபை ஒழுங்குபடுத்துகிறது. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னர் ட்ரோன் பறத்தல் சில காலம் தடைசெய்யப்பட்டிருந்ததும் நினைவிருக்கலாம். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்னரே அதிகார சபையிடம் நடைமுறையைக் கேட்டறியுங்கள். விமான நிலையங்கள், படை முகாம்கள் ஆகியவற்றின் அருகே பறக்கவிடும் எண்ணமே வேண்டாம்.

மூன்றாவது பழக்கம். விடுமுறை நாளில், காற்றில்லாத காலைவேளையில், வெறும் வெளியொன்றில் தொடங்குங்கள். இடது கைப்பிடி ஏற்றி இறக்கித் திருப்பும்; வலது கைப்பிடி முன், பின், பக்கங்களுக்குச் செலுத்தும். ட்ரோனின் முகம் உங்களை நோக்கித் திரும்பியதும் வலம் இடமாகிவிடும். பலர் தடுமாறுவது இங்கேதான். வானில் சதுரமொன்று வரையும் பயிற்சியை மீண்டும் மீண்டும் செய்தால் கை பழகிவிடும்.

இரும்புக் கம்பி வைத்த கொங்கிரீட் தளத்திலோ வாகனத்தின் மேலோ வைத்து எழுப்பாதீர்கள், திசைகாட்டி குழம்பும். புறப்பட்ட இடத்தை ஜீ.பி.எஸ். பதிந்துவிட்டதாகத் திரையில் தெரிந்த பின்னரே மேலே செல்லுங்கள். தொடர்பு அறுந்தால் ட்ரோன் நீங்கள் குறித்து வைத்த உயரத்துக்கு ஏறி, நேராகத் திரும்பி வரும். பனை 30 மீற்றர் வரை வளரக்கூடியது. எனவே பனங்கூடல் உள்ள இடங்களில் இந்த உயரத்தை 40 மீற்றராக வைத்தால் நல்லது. சோளகக் காற்றுக் காலத்தில் முதலில் காற்றை எதிர்த்துப் போய், காற்றோடு திரும்புங்கள். மெவிக் மினிக்கு 30 நிமிடம் என்று சொல்லப்படுவது காற்றில்லாத நிலையில்தான். பற்றரி 30 வீதத்துக்கு வரும்போதே இறக்கத் தொடங்குங்கள். வீங்கிய பற்றரியைப் பாவிக்கவே கூடாது.

நான்காவது விடயமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. எமது வளவு வேலி வெறும் எல்லை அல்ல. கிணற்றடியில் குளிக்கும் பெண்ணுக்கும், முற்றத்தில் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கும் அது மறைப்பு. ட்ரோன் கமராவுக்கு வேலி கிடையாது. அத்துடன், 2009 வரை இங்கு வாழ்ந்தவர்கள் வானில் சுற்றிய வேவு விமானத்தை 'வண்டு' என்று அழைத்தார்கள். அந்த இரைச்சலின் பின்னால் என்ன வரும் என்று அஞ்சியவர்கள் இன்றும் எம்மிடையே இருக்கிறார்கள்.

கலியாண வீடொன்றில் படம் பிடிக்க வந்த தங்கை ஒருத்தி, முதல்நாளே அயல் வீடுகளுக்கு நடந்துபோய் நேரத்தைச் சொன்னாள். ஒரு அம்மா, "அந்தச் சத்தம் எனக்கு ஒத்துவராது பிள்ளை" என்றார். அவள் வாதாடவில்லை. மறுநாள் அந்த வளவுப் பக்கம் போகாமல், கோயில் வீதிக்கு மேல் மட்டும் பத்து நிமிடம் பறக்கவிட்டு இறக்கினாள். கலியாண வீட்டார் எதிர்பார்த்த படங்கள் சில குறைந்தன. ஆனால் அந்த அயலில் அடுத்த வேலைக்கும் அவளையே கூப்பிட்டார்கள்.

சமூகவியலில் 'பார்க்கும் அதிகாரம்' பற்றிப் படித்திருக்கிறேன். யார் பார்க்கிறார், யார் பார்க்கப்படுகிறார் என்பது எப்போதும் சமமாக இருப்பதில்லை. பார்க்கப்படுபவர்களாகவே பழகிய பெண்களின் கையில் இன்று கமரா வருகிறது. பறக்க முன் சொல்லுதல், மறுப்பவரை மதித்தல், தவறிப் பதிவான காட்சியை அன்றே அழித்தல் என்ற மூன்றையும் தொழிலின் விதியாகக் கொள்வோம். குழுவாகக் கடன் எடுப்பவர்கள் கடன் விண்ணப்பத்துடன் இவற்றையும் எழுதிக் கையொப்பமிட்டு வையுங்கள்.