சுவரில் எழுதிய சங்கீதங்கள்

மழை காலத்திற் பெய்து, வயல் விளைந்து, ஊரும் நாடும் ஒழுங்காக நடைபெறும் நாளில் மன அமைதியைப் பற்றிப் பேசுதல் எளிது. இறைவன் காப்பான் என்னும் சொல் அப்பொழுது எல்லார் வாயிலும் தடையின்றி வரும். ஊர் எரியும்பொழுதும், உற்றார் சிதறும்பொழுதும், நாளை யாதாகும் என்று அறியாத இரவிலும் அச்சொல் நிலைத்து நிற்குமா? நின்றால், அது எதனைப் பற்றி நிற்கின்றது? இவ்வினாவிற்குக் கிறித்தவ உலகம் நூலளவில் மட்டுமன்றி ஒரு மனிதருடைய வாழ்க்கையளவிலும் விடை கண்டிருக்கின்றது. அம்மனிதர் வட ஆபிரிக்காவில் ஹிப்போ என்னும் துறைமுக நகரின் மேற்றிராணியாராக விளங்கிய அர்ச். அகுஸ்தீனார். ஹிப்போ இன்று அல்ஜீரிய நாட்டில் அன்னாபா என்னும் பெயருடன் விளங்குகின்றது.

அகுஸ்தீனார் கி.பி. 354ஆம் ஆண்டு தகாஸ்தே என்னும் சிற்றூரிற் பிறந்தவர். தாயார் மோனிக்கா பத்தி மிகுந்த கிறித்தவப் பெண்மணி. மைந்தரோ இளமையிலே கல்விப் பெருமையில் மயங்கினார். பத்தொன்பது வயதளவில் அவர் வேதாகமத்தை எடுத்துப் படிக்க முயன்றார். சிசரோவின் பொன்போன்ற இலத்தீன் நடையிற் பழகிய அவருக்கு வேதாகமத்தின் நடை கரடுமுரடாகத் தோன்றிற்று. நூலை மூடி வைத்துவிட்டார். பின்னாளில் உலகம் முழுவதும் வேத விளக்கத்திற்கு நாடிச் சென்ற ஆசிரியர், முதன்முறை அந்நூலின் வாயிற்படியிலிருந்தே திரும்பியவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. வேதாகமம் தரும் உறுதி ஒரே நாளிற் கிடைப்பதன்று என்பதற்கு அவருடைய வரலாறே சான்று.

386ஆம் ஆண்டில் மிலான் நகரத்துத் தோட்டம் ஒன்றில் அவருடைய உள்ளம் மாறிற்று. அடுத்த ஆண்டின் பாஸ்காப் பண்டிகையில் அம்புரோசியாரிடம் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டில், ஊர் திரும்பும் வழியில் ஒஸ்தியாத் துறையில், தாயார் இறந்தார். உடலைச் சூழ்ந்து நின்றோர் அழத் தொடங்கியபோது, தோழர் ஒருவர் சங்கீதப் புத்தகத்தை எடுத்துப் பாட, வீட்டார் அனைவரும் மறுமொழி பாடினர் என்று அகுஸ்தீனாரே தம் வாழ்க்கை வரலாற்று நூலில் எழுதியிருக்கின்றார். சில ஆண்டுகளுக்குள் அறிவிற் சிறந்த மகனும் இளமையிலேயே மறைந்தான். வெளியுலகக் குழப்பம் வருமுன்னரே, அவருடைய இல்லம் வெறுமையாகிவிட்டது.

391ஆம் ஆண்டு ஹிப்போ நகர மக்கள் அவரை வற்புறுத்திக் குருவாக்கினர். அப்பொழுது அவர் தம் மேற்றிராணியாரிடம் கேட்ட சலுகை ஒன்றே: வேதாகமத்தைக் கற்பதற்குச் சிறிது காலம் வேண்டும் என்பது. பிறருக்கு மருந்து கொடுக்கப் போகிறவன் முதலில் மருந்தின் குணத்தை அறிய வேண்டும் என்பது அவர் கருத்து. அதன்பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சங்கீதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மக்களுக்கு விளக்கினார். 150 சங்கீதங்களுக்கும் அவருடைய விளக்கவுரைகள் உள்ளன. செம்படவரும் உழவரும் வணிகரும் நின்றுகொண்டே கேட்ட உரைகள் அவற்றுட் பல.

அவருடைய நாட்கள் அமைதியான நாட்கள் என்று எண்ணலாகாது. அக்காலத்து மேற்றிராணியார் வழக்குத் தீர்ப்பவருமாவார். நிலத் தகராறு, கடன் தகராறு, பாகப்பிரிவினை என்று காலை முதல் மக்கள் அவர் வாயிலில் நெருங்கினர். வாரத்தில் ஐந்து நாட்கள் வேதாகம ஆராய்ச்சிக்கென விட்டுத் தருவதாக ஒருமுறை மக்கள் உடன்பட்டனர். சில நாட்களில் அவ்வுடன்பாடு மறந்து போயிற்று. ஆகவே, நிலைபெற்ற உள்ளம் என்பது ஓய்ந்திருந்தவர் ஒருவர் அடைந்த பேறு அன்று. ஓயாத இரைச்சலின் நடுவே, கிடைத்த நாழிகையைச் சேர்த்துச் சேர்த்து ஒருவர் கட்டிய வீடு.

அவ்வீட்டின் மீது முதற் புயல் 410ஆம் ஆண்டு வீசிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 24ஆம் நாள் அலாரிக் என்பவனின் தலைமையில் கோத்தர் ரோமாபுரியுட் புகுந்து மூன்று நாட்கள் கொள்ளையிட்டனர். ஏறக்குறைய 800 ஆண்டுகளாக அந்நியர் காலடி படாத நகர் அது. உலகமே ரோமாபுரி, ரோமாபுரியே உலகம் என்று எண்ணியிருந்தோர்க்கு அச்செய்தி வானம் இடிந்து விழுந்தது போலாயிற்று. பெத்லகேமில் இருந்து எசேக்கியேல் ஆகமத்துக்கு உரை வகுத்துக்கொண்டிருந்த பேரறிஞர் ஜெரோம், துயரத்தால் மேலே எழுத இயலாது எழுதுகோலைக் கீழே வைத்தார். நகரை விட்டோடியவர் கப்பல் கப்பலாக ஆபிரிக்கக் கரையில் வந்திறங்கினர்.

அவர்களுடன் இரண்டு கேள்விகளும் வந்திறங்கின. பழைய தெய்வங்களைக் கைவிட்டு கிறிஸ்துவை வணங்கியதனாலன்றோ நகர் அழிந்தது என்று பழஞ்சமயத்தார் கேட்டனர். பேதுரு, பவுல் என்னும் அப்போஸ்தலரின் கல்லறைகள் இருந்தும் நகர் ஏன் வீழ்ந்தது என்று கிறித்தவரே கேட்டனர். முதலாவது கேள்வி பகைவருடையது. இரண்டாவது கேள்வி உள்ளுக்குள் உடைந்தவருடையது. அகுஸ்தீனார் இரண்டினையும் தட்டிக் கழிக்கவில்லை.

முதலில் அவர் செய்தது வாதமன்று. அவ்வாண்டு தம் ஊரை விட்டு வெளியே தங்கியிருந்தபோது, ஹிப்போ மக்கள் ஏழைகளுக்கு உடை வழங்கும் தங்கள் வழக்கத்தை மறந்துவிட்டனர் என்று கேள்வியுற்று அவர்களுக்குக் கடிதம் எழுதினார். உலகம் ஆட்டங்காணும் வேளையில் அறத்தைக் குறைக்கலாகாது, கூட்ட வேண்டும் என்பது அக்கடிதத்தின் சாரம். அச்சம் வந்தவுடன் மனிதன் கையை மூடிக்கொள்கின்றான். அவர் கையைத் திறக்கச் சொன்னார். வேதாகம நம்பிக்கை உணர்ச்சியாக மட்டும் நில்லாமல் செயலாக இறங்கும் இடம் இதுவே.

பின்னர் 413ஆம் ஆண்டில் 'தேவ நகரம்' என்னும் பெருநூலைத் தொடங்கினார். நண்பர் மார்செல்லீனுஸ் என்னும் அரச அதிகாரியின் வேண்டுகோளே அதற்குத் தூண்டுதல். அவ்வாண்டிலேயே அந்நண்பர் பொய்ப்பழி சுமத்தப்பெற்றுக் கார்த்தேஜ் நகரிற் கொலைத்தண்டனைக்கு ஆளானார். நூல் யாருக்காக எழுதப்பெற்றதோ அவரே இல்லை, எழுதுவது நிற்கவில்லை. 22 பாகங்கள் கொண்ட அந்நூல் 426ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது.

முதற் பத்துப் பாகங்கள் பழஞ்சமயத்தாருக்கு விடை கூறுவன. கிறிஸ்து பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே ரோமாபுரி தீயும் தோல்வியும் கண்டதென்று அவர்களுடைய வரலாற்று ஏடுகளிலிருந்தே எடுத்துக் காட்டினார். எஞ்சிய பன்னிரண்டும் இரு நகரங்களைப் பற்றியன. இறையன்பினால் ஆகிய நகரம் ஒன்று. தன்னலத்தினால் ஆகிய நகரம் மற்றொன்று. இவை நிலப்படத்தில் எல்லை கீறிக் காட்டக்கூடியவை அல்ல. ஒரே தெருவில், ஒரே கோவிலில் இரண்டும் கலந்து வாழ்கின்றன. எந்த அரசையும், அது கிறித்தவ அரசேயாயினும், தேவ நகரமென்று கொள்ளலாகாது. ஆகவே ஓர் அரசு வீழ்ந்தால் இறைவனே வீழ்ந்துவிட்டதாகக் கலங்குவதற்கும் இடமில்லை. அந்நூல் காலந்தோறும் மக்களுக்கு அளித்துவந்த உறுதியின் அடிப்படை இது.

நல்லோரும் தீயோரும் ஒருங்கே துன்புற்றது ஏன் என்ற வினாவிற்கு அவர் எளிய உவமைகளால் விடையிறுத்தார். அவற்றுள் ஒன்று எண்ணெய்ச் செக்கு. செக்கின் அழுத்தம் எல்லாவற்றின் மீதும் ஒன்றே. ஆயினும் அழுத்தத்தினால் எண்ணெய் வேறாகவும் கசடு வேறாகவும் பிரிகின்றன. துன்பத்தின் தன்மை ஒன்று. துன்புறுவோரின் தன்மை வேறு. என்ன நேர்கின்றது என்பது மனிதன் கையில் இல்லை. நேர்ந்ததனால் அவன் என்னவாகின்றான் என்பதே கேட்கப்படும் கேள்வி. இல்லங்களில் செக்கெண்ணெய் கண்ட எவருக்கும் இவ்வுவமை விளங்கும்.

மற்றோர் உவமை, பாபிலோனிய ஆறுகளின் கரையிலிருந்து சிறைப்பட்டோர் அழுத சங்கீதத்தை விளக்கும்போது அவர் கூறியது. பொருள், பதவி, புகழ் ஆகிய இவ்வுலகில் மனிதன் விரும்பும் யாவும் ஓடும் ஆறுகள். அவற்றுட் குதிப்பவன் அடித்துச் செல்லப்படுவான். கரையில் அமர்ந்திருப்பவனோ அழுதாலும் நிலைத்திருப்பான். இங்கே கவனிக்க வேண்டியது, கரையில் இருப்பவனும் அழுகின்றான் என்பதே. விசுவாசம் கண்ணீரைத் தடுப்பதன்று; கண்ணீர் விடுவதற்கு உறுதியான கரையைத் தருவது.

அகுஸ்தீனார் குற்றமற்றவர் என்று காட்டுவது வரலாறு ஆகாது. தொனாத்தியர் என்னும் பிரிவினருக்கு எதிராக அரசாங்கத்தின் வலிமையைப் பயன்படுத்துவதை அவர் ஏற்றுக்கொண்டார். அதனைப் பிற்காலத்தார் பலர் கண்டித்திருக்கின்றனர். நிலைபெற்ற உள்ளமும் பிழை செய்தல் கூடும். அதனாலேயே வேதாகமத்தின் முன் நாள்தோறும் தன்னைச் சோதிக்கும் வழக்கம் உறுதியுள்ளவனுக்கே மிகவும் வேண்டியதாகின்றது.

இரண்டாம் புயல் அவருடைய நகரையே நாடி வந்தது. 429ஆம் ஆண்டு கைசெரிக் மன்னன் தலைமையில் வந்தாலர் ஸ்பெயின் நாட்டிலிருந்து கடல் கடந்து ஆபிரிக்காவில் இறங்கினர். ஊர்கள் எரிந்தன, கோவில்கள் பாழாயின. அவ்வேளையில் ஹொனொராத்துஸ் என்னும் மேற்றிராணியார், குருமார் ஊரைவிட்டு ஓடலாமா என்று அகுஸ்தீனாருக்கு எழுதிக் கேட்டார். ஓடுகின்ற ஊரில் கேட்கப்படும் கேள்வியே அது. இயேசுவே தம் சீடரை ஒரு நகரத்தில் துன்புறுத்தினால் மற்றொரு நகரத்திற்கு ஓடுமாறு கூறியிருக்கிறாரன்றோ?

அகுஸ்தீனார் வேதாகமத்தையே துணையாகக் கொண்டு விடை வகுத்தார். தமஸ்கு நகரிலே பவுல் ஒருவரையே பிடிக்கத் தேடினர். ஆதலின் அவர் கூடையிலிருந்து மதிலின் வழியாக இறக்கப்பட்டுத் தப்பியது தகும். சபையைப் பேண அங்கே வேறு பலர் இருந்தனர். ஆபத்து எல்லாருக்கும் பொதுவாக வரும்போதோ, பிறருடைய துணையை வேண்டி நிற்போரை, அத்துணையைத் தரவேண்டியவர் கைவிட்டுப் போகலாகாது. மக்கள் எல்லாரும் பத்திரமான இடத்திற்குப் போய்விட்டால் குருவும் போகலாம். ஒருவராயினும் எஞ்சியிருந்தால் அவருக்காக நிற்க வேண்டும். நிற்பதற்குப் பலர் முன்வந்து, சிலரேனும் பிழைத்திருப்பது சபைக்கு நன்மை என்று கண்டால், சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கலாம். அச்சத்தையும் வீம்பையும் ஒருங்கே விலக்கிய விடை இது. ஓடுவது பாவம் என்றும் அவர் கூறவில்லை. இருப்பது பெருமை என்றும் கூறவில்லை. யாருக்கு யார் தேவை என்று பார்க்கச் சொன்னார்.

430ஆம் ஆண்டின் கோடையில் வந்தாலர் ஹிப்போவை நிலத்தாலும் கடலாலும் முற்றுகையிட்டனர். சுற்றுப்புற ஊர்களின் மேற்றிராணியார் சிலரும் அகதிகளாய் நகருள் இருந்தனர். அவர்களுள் ஒருவர் பொசீடியுஸ்; அகுஸ்தீனாரின் சரித்திரத்தை எழுதியவர் அவரே. முற்றுகையின் மூன்றாம் மாதத்தில் அகுஸ்தீனார் காய்ச்சலுற்றுப் படுக்கையில் வீழ்ந்தார். வயது 75 நிறைந்திருந்தது. தாவீதின் மனஸ்தாபச் சங்கீதங்களிற் சிலவற்றை எழுதுவித்து, படுக்கையிலிருந்து பார்க்கத்தக்கதாகச் சுவரிலே பொருத்தச் செய்தார். அவற்றை இடைவிடாது படித்துக் கண்ணீர் சொரிந்தார். இறுதிப் பத்து நாட்களளவு, வைத்தியர் வரும்வேளையும் உணவு வரும்வேளையும் தவிர யாரும் உள்ளே வரவேண்டா என்று கேட்டுக்கொண்டார். ஆகஸ்டு 28ஆம் நாள் உயிர் பிரிந்தது.

அவர் மரணசாசனம் எழுதவில்லை. எழுதுவதற்குரிய சொத்து எதுவும் அவரிடம் இருக்கவில்லை. கோவிலின் நூல்நிலையத்தைக் கவனமாகப் பேண வேண்டும் என்பதே அவர் வழக்கமாகச் சொல்லிவந்த கட்டளை. முற்றுகை 14 மாதங்கள் நீடித்தது. பின்னர் நகர் தீக்கிரையாயிற்று. ஆயினும் நூல்கள் தப்பின. மதில் காக்காததை ஏடு காத்தது.

முப்பது ஆண்டுகள் சங்கீதங்களை உலகிற்கு விளக்கிய பேராசிரியர், இறுதியில் அவற்றை விளக்குவதற்காகப் படிக்கவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுவனைப் போலச் சுவரைப் பார்த்துத் தமக்காகவே படித்தார். மதிலுக்கு வெளியே பகைவர் நிற்கையில் அவர் நாடியது புதிதாக ஒன்றையன்று. நெடுநாட் பழகிய சொற்களையே. வெள்ளம் வந்த பின் கிணறு தோண்டுவார் இல்லை. நல்ல நாளில் தோண்டிய கிணறே வெள்ளத்திலும் வறட்சியிலும் உதவும். வேதாகமத்தினின்று உள்ளத்திற்கு உறுதி பெற விரும்புவோர்க்கு அகுஸ்தீனாரின் வாழ்க்கை காட்டும் வழி இதுவே: அமைதியுள்ள நாளிற் சிறிது சிறிதாகப் பழகுதல், அரசும் செல்வமும் இறைவனல்ல என்று தெளிதல், அஞ்சும் வேளையில் அயலவனுக்குக் கைகொடுத்தல், அழ வேண்டிய நேரத்தில் வெட்கமின்றி அழுதல். நகரங்கள் வீழ்வதை எவராலும் எப்பொழுதும் தடுக்க முடிவதில்லை. வீழும் நகரினுள்ளே நிலைகுலையாத ஓர் அறை இருத்தல் கூடும் என்பதற்கு, சங்கீதங்கள் தொங்கிய அந்தச் சுவர் சாட்சி.