செரிமானமும் முதுமைத் தளர்ச்சியும்

என் அத்தா எழுபது வயதைக் கடந்த ஆண்டில் இரவு உணவைக் குறைத்துக் கொண்டார். ஒன்றரை இட்லி, அரைக் குவளை பால், அவ்வளவே. கேட்டால் "செரிக்கவில்லை" என்பார். அதனை முதியவருக்குரிய அடக்கம் என்று நாங்கள் போற்றினோம். ஓராண்டு கழித்து, தைலப் புட்டியின் மூடியைத் திருக இயலாமல் பேரனிடம் நீட்டியபோதுதான் வேறேதோ நிகழ்ந்திருப்பது புலனாயிற்று.

மூப்பு வேறு, தளர்ச்சி வேறு. பிள்ளையார்பாளையத்தில் எழுபத்தைந்து வயதிலும் குழித்தறியில் அமர்ந்து மிதிபலகையை மிதிக்கும் பெரியவரைக் காணலாம். அறுபத்தைந்திலேயே சுவரைப் பற்றி நடப்பவரையும் காணலாம். பின்னவருடைய நிலையே மருத்துவர் கூறும் தளர்ச்சி. 2001இல் அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரைடும் அவருடன் ஆய்ந்தோரும் அதற்கு ஐந்து அடையாளங்களை வகுத்தனர்: முயலாமலே எடை குறைதல், எளிதில் களைத்தல், கைப்பிடி வலுவிழத்தல், நடை வேகம் தாழ்தல், உடலியக்கம் சுருங்குதல். இவற்றுள் மூன்று இருப்பின் தளர்ச்சி. ஒன்றோ இரண்டோ இருப்பின் அதன் தலைவாயில். புட்டி மூடி கூறியது மூன்றாம் அடையாளத்தை.

கைப்பிடிக்கும் வயிற்றுக்கும் என்ன தொடர்பு எனலாம். வயது ஏற ஏற இரைப்பை விரிந்து கொடுப்பது குறைகிறது. ஆகவே சிறிது உண்டதுமே வயிறு நிரம்பிய உணர்வு தோன்றுகிறது. பல் போனபின் மெல்ல இயலாததும், வாயு சேரும் என்று அஞ்சுவதும் பருப்பையும் இறைச்சியையும் விலக்கச் செய்கின்றன. இரவில் எழ நேருமென்று தண்ணீரைக் குறைப்பார்கள், மலம் இறுகும், இறுகினால் பசி மேலும் மங்கும். புரதம் குறைந்த உடல் தன் தசையையே கரைத்து ஈடுசெய்கிறது. தசை கரைந்தால் நடை குறையும். நடை குறைந்தால் குடலின் அசைவும் மந்தமாகும். தறியில் நாடா இப்பக்கமும் அப்பக்கமும் ஓடுவது போன்றதே இது. எத்திசையில் தொடங்கியது என்று பிரித்தறிய இயலாது.

குடலில் வாழும் நுண்ணுயிர்களும் இதில் பங்குடையன. 2012இல் வெளிவந்த அயர்லாந்து ஆய்வொன்று 178 முதியோரை ஆராய்ந்தது. நெடுங்காலப் பராமரிப்பு இல்லங்களில் வாழ்ந்தோரின் குடல் நுண்ணுயிர்கள், ஊரில் தம் இல்லங்களில் வாழ்ந்தோருடையவற்றினும் வகை குறைந்திருந்தன. அக்குறைவு உணவோடும் தளர்ச்சியோடும் இணைந்து காணப்பட்டது. எது காரணம், எது விளைவு என்பதை அவ்வாய்வு ஒன்றே முடிவு செய்துவிடவில்லை.

நம் ஊரின் உணவுகளை இங்கு நினைத்தல் தகும். வரதராசப் பெருமாள் கோயிலின் இட்லி, அரிசியும் உளுந்தும் புளித்த மாவில் மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மந்தாரை இலையிட்ட மூங்கில் குடலையில் அவிக்கப்படுவது. (குடலுக்கு இதமான உணவைக் குடலையில் வேகவைத்தது தமிழின் தற்செயல் போலும்!) மெல்ல எளிது, பருப்பும் உண்டு. நம் வீட்டு நோன்புக் கஞ்சியும் இவ்வினமே. முதியோர்க்கு எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்கின்றனர் வல்லுநர். சிறுநீரக நோயுடையோர் மருத்துவரைக் கேட்டே உண்ணல் வேண்டும். மூன்று வேளையில் இயலாததை ஐந்து வேளையாகப் பகுக்கலாம்.

எல்லாவற்றையும் வயதின் மீது ஏற்றுவதுதான் பெரும்பிழை. விழுங்குவதில் தடை, கரிய மலம், குருதி, காரணமின்றி எடை குறைதல் ஆகியவை முதுமையின் இயல்பல்ல. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இலேயே டாக்டர் வ.செ. நடராசன் முதியோர்க்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார். 2024இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறக்கப்பட்டது. காஞ்சியிலிருந்து அது தொலைவன்று.

அத்தாவின் மலச்சிக்கலுக்கு, அவர் நெடுநாள் உண்டுவந்த இரும்புச்சத்து மாத்திரையும் ஒரு காரணம் என்று மருத்துவர் கண்டு அதனை மாற்றினார். காலையில் முட்டையும், மாலையில் சுண்டலுக்குப் பதில் குழைந்த பாசிப்பருப்பும் சேர்ந்தன. புட்டியின் மூடியை இன்றும் பேரனே திறக்கிறான். ஆனால் அஸர் தொழுகைக்கு அத்தா நடந்தே செல்கிறார்.