ஒரு லேப்டாப்பில் இரண்டு குடித்தனம்

பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. விண்டோஸை வைத்துக்கொண்டே லினக்ஸையும் குடியேற்றலாம். ஆனால் அவசரப்பட்டால் உள்ளதும் போகும்.

2013 மார்ச். லக்னோவில் நடந்த விழாவில் உத்தரப் பிரதேச முதல்வர் அகிலேஷ் யாதவ், பன்னிரண்டாம் வகுப்பு தேறிய மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கத் தொடங்கினார். திறந்தால் திரையில் அவரும் தந்தை முலாயம் சிங்கும் காட்சி தந்தார்கள். அந்தப் படத்தைப் பற்றித்தான் நாடெங்கும் பேச்சு. பெட்டிக்குள் இருந்த இன்னொரு விசேஷத்தைக் கவனித்தவர்கள் குறைவு. விண்டோஸ் 7, உபுண்டு லினக்ஸ் என்று இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டங்கள் அதில் இருந்தன. தமிழக அரசு 2011-ல் வழங்கத் தொடங்கிய இலவச லேப்டாப்பிலும் இதே ஏற்பாடுதான். அதில் விண்டோஸுக்குத் துணையாக வந்தது, மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ்.

அன்று அரசாங்கம் செய்துகொடுத்ததை இன்று பலர் தாங்களே செய்துகொள்ள வேண்டிய நிலை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு மட்டும் மேலும் ஓராண்டு அவகாசம் அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். பத்து வருஷத்து லேப்டாப்பில் கீபோர்டும் திரையும் நன்றாக இருந்தாலும் இந்தப் பரீட்சையில் அது தேறாது.

லினக்ஸுக்கு இந்த நிபந்தனைகள் இல்லை, காசும் இல்லை. பிறகு ஏன் விண்டோஸை ஒரேயடியாக அனுப்பிவிடக் கூடாது? கடைக்காரருக்கு டாலி வேண்டும். கட்டட வரைபடம் போடுகிறவருக்கு ஆட்டோகேட் வேண்டும். இரண்டும் விண்டோஸை நம்பி இருப்பவை. எனவே பலருக்குச் சமரசமே வழி: பாங்க் வேலையும் இன்டர்நெட்டும் லினக்ஸில், கணக்கும் வரைபடமும், இணைப்பைத் துண்டித்த விண்டோஸில்.

வேலை ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். முன்னேற்பாட்டில்தான் சூட்சுமம். முதலில், முக்கியமான ஃபைல்கள் அனைத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுக்க வேண்டும். இரண்டாவது, டிஸ்க் பிட்லாக்கர் பூட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல லேப்டாப்களில் உரிமையாளருக்கே தெரியாமல் இந்தப் பூட்டு போடப்பட்டிருக்கிறது. துவக்க ஏற்பாட்டில் கை வைத்தால் அது விழித்துக்கொண்டு 48 இலக்கச் சாவியைக் கேட்கும். சாவி இல்லாவிட்டால் சொந்தக்காரரும் வெளியாள்தான். அந்த எண்ணை அந்த லேப்டாப்பிலேயே சேமித்து வைத்துப் பயனில்லை. ஒரு நோட்டில் எழுதி வைப்பதே உத்தமம்.

அடுத்து, இடம் ஒதுக்குதல். விண்டோஸில் இருந்தபடியே அதன் டிஸ்க் மேனேஜ்மென்ட் மூலம் பாகத்தைச் சுருக்குவது பாதுகாப்பானது. உபுண்டுவுக்குக் குறைந்தது 25 ஜிபி வேண்டும். அதைப் போல் இரு மடங்கு இருந்தால் நெருக்கடி வராது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியையும் நிறுத்திவிட வேண்டும். அது இருக்கும்வரை ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த நேரத்தில் லினக்ஸ் அதன் பாகத்தில் எழுதினால் ஃபைல்கள் பாழாகலாம்.

லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, டச்பேட் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதித்த பிறகு நிறுவினால் போதும். நிறுவும்போது வரும் கேள்விகளில் உயிர்நாடியானது ஒன்றே ஒன்று. விண்டோஸுக்கு அருகிலேயே நிறுவ வேண்டுமா, டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு நிறுவ வேண்டுமா? இரண்டாவதில் விரல் பட்டு, அடுத்து வரும் எச்சரிக்கைக்கும் 'சரி' சொன்னால், கல்யாண ஆல்பமும் கல்லூரி ப்ராஜெக்ட்டும் சேர்ந்தே போகும்.

எல்லாம் முடிந்தால், லேப்டாப்பை இயக்கியதும் 'க்ரப்' என்ற பட்டியல் தோன்றி எது வேண்டும் என்று கேட்கும். சில விநாடிகள் பதில் இல்லாவிட்டால் வழக்கமாக முதலில் இருப்பதையே திறந்துவிடும்.

அதன் பிறகும் சில்லறைச் சண்டைகள் உண்டு. கம்ப்யூட்டருக்குள் உள்ள கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் சர்வதேச நேரமாகவும் எடுத்துக்கொள்கின்றன. இதனால் லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பும் இந்தியர், மதியம் 2 மணிக்குக் காலை 8.30 என்று காட்டும் கடிகாரத்தைப் பார்த்துத் திகைப்பார். சரியாக ஐந்தரை மணி நேர வித்தியாசம். உள்ளூர் நேரத்தையே பின்பற்றும்படி லினக்ஸுக்கு ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் சமாதானம் ஆகிவிடும்.

எல்லாச் சண்டையும் அவ்வளவு சுலபமாகத் தீர்வதில்லை. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று, பாதுகாப்பு ஓட்டை உள்ள பழைய லினக்ஸ் துவக்க நிரல்களைத் தடுக்க முயன்றது. இரண்டு சிஸ்டங்கள் உள்ள கம்ப்யூட்டர்களை இது தொடாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. ஆனால் உலகெங்கும் பலருக்கு லினக்ஸ் திறக்க மறுத்தது. 'செக்யூர் பூட்' காவலைத் தற்காலிகமாக விலக்கித்தான் உள்ளே போக முடிந்தது. முழுத் தீர்வு 2025 மே மாதம்தான் வந்தது. அதுவரை தப்பித்தவர்கள், ஃபைல்களுக்கு வெளியே ஒரு பிரதி வைத்திருந்தவர்கள்.

புது லேப்டாப் வாங்கப் பல ஆயிரங்கள் தேவை. இதற்குத் தேவை ஒரு பென் டிரைவ், ஒரு மாலை நேரம், ஒரு நோட்டில் 48 இலக்கங்கள். மூன்றாவதை மறக்காதவருக்கு முதல் இரண்டும் வீண்போகாது.