ஓவனில் ஆப்பிள் வெடிப்பது ஏன்? ஸ்டஃப்டு ஆப்பிள் சொதப்பாமல் செய்வது எப்படி?

ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் சீசன் வந்தாலே வீடுகளில் ‘பிராட்அப்ஃபெல்’ மணக்கும். ஆப்பிளைக் குடைந்து, உள்ளே பாதாம், உலர்திராட்சை, பட்டைத்தூள் நிரப்பி ஓவனில் சுடும் எளிய இனிப்பு அது. நம்ம வீட்டு ஓடிஜியிலும் செய்யலாம். ஆனால், முதல் முறை செய்யும்போது ஒண்ணு தோல் வெடிக்கும். இல்லைன்னா பழம் குழைந்து கூழாகிடும்.

ஏன் வெடிக்கிறது?

ஆப்பிளில் சுமார் 85 சதவீதம் தண்ணீர்தான். சூடேறும்போது உருவாகும் ஆவி வெளியேற வழியில்லைன்னா தோலைக் கிழிச்சுக்கிட்டு வரும். பழத்தின் நடுவில் சுற்றிலும் கத்தியால் லேசாகக் கீறிவிட்டால் போதும்.

எந்த ஆப்பிள் வாங்கணும்?

கெட்டியான, புளிப்பான பழம். செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் சீக்கிரம் கரையாமல் புளிப்பு தடுக்கும். பச்சை நிற ‘கிரானி ஸ்மித்’ நல்ல சாய்ஸ். மாவு போலிருக்கும் பழம் வேண்டாம்.

செய்முறை

4 ஆப்பிள்களை மேலிருந்து குடையுங்கள். அடியில் 1 செ.மீ. விட்டுடுங்க, ஓட்டை விழுந்தால் வெண்ணெயும் சர்க்கரையும் ஒழுகிடும். நாட்டுச்சர்க்கரை, வெண்ணெய் தலா 4 டீஸ்பூன், பட்டைத்தூள் அரை டீஸ்பூன், ஒரு கைப்பிடி பாதாம், உலர்திராட்சை கலந்து நிரப்புங்கள். பேக்கிங் தட்டில் அரை கப் வெந்நீர் ஊற்றி, முன்பே சூடாக்கிய ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் வையுங்கள்.

30 நிமிடத்தில் கத்தியால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் ரெடி. இல்லைன்னா இன்னும் 10 நிமிடம். எடுத்ததும் வாயில் போட்டுடாதீங்க. உள்ளே உருகிய சர்க்கரை நாக்கைச் சுட்டுடும். 10 நிமிடம் பொறுங்க!