கணக்கு வழியாக மருத்துவமனைக்கு: உயிர்ப் புள்ளியியல் முதுநிலைப் படிப்புக்கு என்ன வேண்டும்?

கோவை லாலி ரோட்டிலிருந்து மருதமலைக்குப் போகும் வழியில் முதலில் வேளாண் பல்கலைக்கழகம் வரும். மலையடிவாரத்தை நெருங்கும்போது பாரதியார் பல்கலைக்கழகம் வரும். முதலாவதில் வயல்களைப் பாத்தி பாத்தியாகப் பிரித்துப் பரிசோதனை நடக்கிறது. இரண்டாவதில் புள்ளியியல் துறை இருக்கிறது. மருத்துவ ஆய்வுக்குக் கணக்குப் போடும் உயிர்ப் புள்ளியியல் என்ற துறையின் இரண்டு வேர்களும் இந்த ஒரே சாலையில் இருப்பதாகச் சொல்லலாம்.

ஐந்து நெல் ரகங்களை ஒப்பிட வேண்டும். வயலின் ஒரு கோடியில் மண் வளம், மறு கோடியில் சுண்ணாம்புக் காடு. எந்த ரகத்தை எங்கே நட்டாலும் வழக்கு வரும். அதனால் வயலை மண்ணுக்குத் தக்கபடி தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எந்தப் பாத்திக்கு எந்த ரகம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வார்கள். வேளாண் மாணவர்கள் இதை ‘ஆர்.பி.டி.’ என்பார்கள். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் 1919இல் வேலைக்குச் சேர்ந்த ரொனால்டு ஃபிஷர் வளர்த்தெடுத்த முறை இது. பாத்திக்குப் பதில் நோயாளி, ரகத்துக்குப் பதில் மருந்து என்று வைத்தால் மருத்துவப் பரிசோதனை ஆகிவிடும். 1948இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் அதைத்தான் செய்தார்.

தமிழ்நாட்டுக்கு அந்த முறை வர நாளாகவில்லை. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. காசநோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்க வைக்க வேண்டுமா, வீட்டில் இருந்தபடியே மாத்திரை கொடுத்தால் போதாதா என்ற கேள்விக்குக் குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து விடை தேடினார்கள். நல்ல உணவும் ஓய்வும் இல்லாத குடிசையிலும் மாத்திரை ஏறத்தாழ அதே அளவு வேலை செய்கிறது என்று 1959இல் வெளியான முடிவு சொன்னது. உலகெங்கும் சானடோரியங்கள் காலியானதில் இந்தச் சென்னைக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மையம்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இந்த வேலைக்குப் படிக்க யாரைச் சேர்த்துக்கொள்கிறார்கள்?

சுருக்கமான விடை: கணிதம் படித்தவரை. முதுநிலை உயிர்ப் புள்ளியியலுக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் கேட்பது புள்ளியியல் அல்லது கணிதத்தில் இளநிலைப் பட்டம். சில இடங்களில் பட்டப்படிப்பில் இவற்றில் ஒன்று ஒரு பாடமாக இருந்தால் போதும் என்பார்கள். பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி, விலங்கியல் முடித்தவர்கள் ‘இது நம்ம ஏரியா’ என்று நம்பி விண்ணப்பப் படிவத்தைத் திறந்து, தகுதிப் பகுதியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

இந்தக் கதவு பட்டப்படிப்பில் மூடுவதில்லை. பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும்போதே பாதி மூடிவிடுகிறது. கொங்குப் பகுதியில் இது கூடுதலாகவே நடக்கிறது என்பது என் எண்ணம். மருத்துவக் கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்கென்றே பெயர் வாங்கிய விடுதிப் பள்ளிகள் நாமக்கல், ராசிபுரம் பக்கம் இருந்தன. ‘டாக்டருக்குக் கணக்கு எதுக்கு?’ என்று பியூர் சயின்ஸ் குரூப்பில் பிள்ளையைச் சேர்த்துவிடும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். நீட் கைகூடாவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது தாவரவியலும் விலங்கியலும் சார்ந்த பட்டங்கள். கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப்பில் படித்தவருக்கு மருத்துவமனைக்குள் நுழைய இன்னொரு வாசல் மிஞ்சியிருக்கும். வணிகக் கணிதமும் புள்ளியியலும் படித்த வணிகவியல் குரூப் மாணவரைக்கூடச் சில கல்லூரிகள் பி.எஸ்ஸி. புள்ளியியலில் சேர்த்துக்கொள்கின்றன. இது பலருக்குத் தெரிவதில்லை.

உள்ளூரில் அடித்தளம் போட இடங்கள் உண்டு. கோவை அரசு கலைக் கல்லூரியிலும் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரியிலும் புள்ளியியல் துறை இருக்கிறது. பாரதியார் பல்கலைக்கழகத்திலும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலும் எம்.எஸ்ஸி. புள்ளியியல் படிக்கலாம். பி.எஸ்ஸி. கணிதம் படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது அலைடு பேப்பரை. இயற்பியலா புள்ளியியலா என்று தேர்வு செய்யும் வாய்ப்பு இருந்தால் புள்ளியியலை எடுப்பது நல்லது. முதுநிலைச் சேர்க்கையில் அது கைகொடுக்கும்.

நேராக உயிர்ப் புள்ளியியலிலேயே முதுநிலைப் பட்டம் வேண்டுமென்றால் ஊரைவிட்டுச் சற்று நகர வேண்டியிருக்கும். வேலூர் சி.எம்.சி.யில் உயிர்ப் புள்ளியியல் துறை நெடுங்காலமாக இருக்கிறது. அங்கே பணியாற்றிய பி.எஸ்.எஸ். சுந்தர் ராவ், ஜே. ரிச்சர்டு இருவரும் எழுதிய அறிமுக நூல் இந்திய மருத்துவக் கல்லூரிகளில் பரவலாகப் புழங்குவது. அங்கே எம்.எஸ்ஸி. இரண்டாண்டு, பட்டம் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடையது. புதுச்சேரி ஜிப்மர், பெங்களூரு நிம்ஹான்ஸ் இரண்டும் தனித்தனியே நுழைவுத் தேர்வு நடத்துகின்றன. மூன்று இடங்களிலும் இடங்கள் மிகக் குறைவு. அதனால் ஒன்றை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் எம்.ஸ்டாட். படிப்பது இன்னொரு வழி. நுழைவுத் தேர்வு கடினம். தேறினால் கல்விக் கட்டணம் இல்லை, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு.

எம்.எஸ்ஸி. புள்ளியியல் முடித்துவிட்டும் இந்தத் துறைக்குள் வரலாம். ஐ.ஐ.டி.களில் அதைப் படிக்க ‘ஜாம்’ தேர்வின் கணிதப் புள்ளியியல் தாளை எழுத வேண்டும். மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். பாடத்திட்டத்தில் நுண்கணிதம், அணிகள், நிகழ்தகவு, மதிப்பீடு, கருதுகோள் சோதனை எல்லாம் இருக்கும். செல், மரபணு, நோய்க்கிருமி எதுவும் கிடையாது.

உள்ளே போனால் என்ன படிப்பார்கள்?

முதல் ஆண்டில் உயிர்ப் புள்ளியியல் மாணவருக்கும் சாதாரணப் புள்ளியியல் மாணவருக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. நிகழ்தகவு, பரவல்கள், அனுமானம், தொடர்புப் போக்கு, பரிசோதனை வடிவமைப்பு, கூடவே ‘ஆர்’ மென்பொருள். ஸ்டாட்டா, சாஸ் போன்றவை பின்னால் வரும். நோயைப் பற்றிய முதல் பாடம் எபிடெமியாலஜி என்னும் நோய்ப்பரவலியல். அங்கேதான் எண்ணுவது எவ்வளவு ஏமாற்றும் வேலை என்று புரியத் தொடங்கும். ஒரு ஸ்பின்னிங் மில்லில் பஞ்சுத் தூசு தொழிலாளரின் நுரையீரலைக் கெடுக்கிறதா என்று பார்க்கிறோம் என வைத்துக்கொள்வோம். இன்று ஷிப்ட்டுக்கு வந்திருப்பவர்களை மட்டும் பரிசோதித்தால் எல்லோரும் ஓரளவு நன்றாகவே இருப்பார்கள். மூச்சு வாங்கியவர்கள் வேலையை விட்டு ஊருக்குப் போயிருப்பார்கள். பட்டியலில் இல்லாதவர்தான் நோயாளி. மில் வாசலில் நின்றால் தெரியாத இந்தப் பிழைக்குப் பாடநூலில் தனிப் பெயரே இருக்கிறது.

இரண்டாம் ஆண்டின் உயிர்நாடி, பிழைப்புக்காலப் பகுப்பாய்வு. இதைச் சற்று நின்று பார்க்கலாம்.

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பத்துப் பேரை ஓராண்டு தொடர்கிறோம். மூன்றாம் மாதம் ஒருவர் இறக்கிறார். ஐந்தாம் மாதம் இருவர் வருவதை நிறுத்திவிடுகிறார்கள்; ஒருவர் வால்பாறை எஸ்டேட்டுக்குத் திரும்பிவிட்டார், மற்றவரின் போன் நம்பர் மாறிவிட்டது. எட்டாம் மாதம் இன்னொருவர் இறக்கிறார். மீதி ஆறு பேர் ஆண்டு முடிவில் உயிரோடு இருக்கிறார்கள். அப்படியானால் ஓராண்டு பிழைப்பு விகிதம் என்ன? காணாமல் போன இருவரையும் பிழைத்ததாகக் கொண்டால் 80 சதவீதம். இறந்ததாகக் கொண்டால் 60. பட்டியலிலிருந்தே அடித்துவிட்டால் 75.

எட்வர்டு கேப்ளான், பால் மையர் இருவரும் 1958இல் சொன்ன வழி வேறு. மூன்றாம் மாதம் பத்துப் பேரில் ஒன்பது பேர் பிழைத்தார்கள்: பத்தில் ஒன்பது. எட்டாம் மாதம் நம் பார்வையில் இருந்தவர்கள் ஏழு பேர், அவர்களில் பிழைத்தவர்கள் ஆறு: ஏழில் ஆறு. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 77 சதவீதம். காணாமல் போனவர் இருந்த வரைக்கும் அவரை எண்ணு, அதற்குப் பிறகு அவரைப் பற்றி எதுவும் கற்பனை செய்யாதே, அவ்வளவுதான் முறை. ஆனால் இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. வராமல் போனவர்கள் மற்றவர்களைப் போன்ற உடல்நிலையில் இருந்திருக்க வேண்டும். நோய் முற்றியதால்தான் பஸ் ஏற முடியாமல் நின்றுவிட்டார்கள் என்றால் 77 என்பதும் பொய்க் கணக்கே. வயது, நோயின் கட்டம், மருந்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கணக்கில் எடுக்க டேவிட் காக்ஸ் 1972இல் தந்த மாதிரியை அடுத்துப் படிப்பார்கள்.

மருத்துவப் பரிசோதனை வடிவமைப்பு, மாதிரி அளவு, ஒரே நோயாளியைத் திரும்பத் திரும்ப அளந்த தரவு, மரபணுத் தரவு ஆகியவை மற்ற பாடங்கள். கடைசிப் பருவத்தில் உண்மையான தரவை வைத்து ஓர் ஆய்வேடு.

மாதிரி அளவுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மருத்துவ முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டும். எத்தனை நோயாளிகள் வேண்டும் என்று தொடங்கும் முன் கேட்காமல், ஆய்வு முடிந்தபின் எக்செல் கோப்போடு புள்ளியியலாளரைத் தேடி வருபவர்கள் ஏராளம். அந்த வேளையில் அவர் தரக்கூடிய உதவி மிகக் குறைவு. மருத்துவக் கல்லூரிகளின் சமுதாய மருத்துவத் துறையில் புள்ளியியலாளர் பணியிடம் இருப்பதன் பயன் தொடக்கத்திலேயே போய்க் கேட்பவருக்குத்தான். சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் மருந்து ஆய்வு நிறுவனங்களிலும், 1999இல் உருவான சென்னையின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் போன்ற அரசு அமைப்புகளிலும் வேலை உண்டு.

வெளிநாடு என்றால்? அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகப் பட்டத்தின் பெயரைவிடப் பாடப் பட்டியலைப் பார்க்கின்றன: பல மாறிகள் வரையிலான நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், முடிந்தால் நிகழ்தகவும் ஒரு நிரல்மொழியும். ஜி.ஆர்.இ.யைப் பல இடங்கள் கைவிட்டுவிட்டன. ஆங்கிலத் தேர்வும் பரிந்துரைக் கடிதங்களும் தொடர்கின்றன. நம் மூன்றாண்டுப் பட்டத்தைச் சில இடங்கள் ஏற்கும், சில இடங்கள் நான்காம் ஆண்டு கேட்கும்; எம்.எஸ்ஸி. கையில் இருந்தால் இந்தச் சிக்கல் குறையும். லண்டனின் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் புள்ளியியல் முதுநிலை ஓராண்டுதான். காலம் மிச்சம், செலவு மிச்சமில்லை.

உயிரியல் பட்டம் ஏற்கெனவே கையில் இருப்பவர் என்ன செய்வது? தகுதிப் பகுதி இடம் தரும் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பில் சேர்ந்து, அங்கிருந்து புள்ளியியலை ஆழப்படுத்தலாம். என்.பி.டெல். வகுப்புகள் இலவசம். சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழி தரவு அறிவியல் பட்டத்தில் முதலில் வரும் பாடங்களிலேயே கணிதமும் புள்ளியியலும் உண்டு. அதில் சேர +2வில் கணிதக் குரூப் தேவையில்லை, பத்தாம் வகுப்புக் கணிதம் இருந்தால் தகுதித் தேர்வுக்குப் போகலாம்.

மூன்றாம் ஆண்டு தொடங்கும் பி.எஸ்ஸி. மாணவர் ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம். ‘ஜாம்’ தேர்வுக்கு வழக்கமாகச் செப்டம்பரில் விண்ணப்பிக்க வேண்டும், தேர்வு பிப்ரவரியில். நம் கல்லூரிகளில் ஐந்தாம் பருவ இன்டர்னல் தேர்வுகள் மும்முரமாக இருக்கும் நேரத்தில்தான் விண்ணப்பத் தேதி வந்து போகிறது. சி.எம்.சி., ஜிப்மர், நிம்ஹான்ஸ் அறிவிப்புகள் வேறு வேறு மாதங்களில் வரும். ஒவ்வோர் ஆண்டும் தேதியும் தகுதியும் சற்று மாறுவதால் அந்தந்த ஆண்டின் புராஸ்பெக்டஸைப் பார்த்தே பணம் கட்ட வேண்டும்.